நாற்று அறையின் கதவு

ஜனவரி 12, திங்கள்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. முன்பக்கத்தில் டிராக்டர் படம். எங்கள் மேல்மலையில் டிராக்டர் நிற்க ஒரு சமதளம் கிடையாது, படமாவது இருக்கட்டும். விதைத்த தேதியை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லித் தோட்டக்கலை ஆபீசர் போன வருஷமே தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இந்த வருஷம் எழுதுகிறேன்.

வீட்டுக்குள்: முட்டைக்கோஸ் முப்பது குழித்தட்டு. வெளியே: பட்டாணி மேல்வயலில், முள்ளங்கி கிணற்றடிப் பாத்தியில். கேரட் விதை இவர் கையால் தூவினார். என் கணவர் இன்னாசிக்குக் கேரட் விதையை வேறு யாரும் தொடக்கூடாது. என் கை கனமாம்.

பால்பாயிண்ட் பேனா இந்தக் குளிரில் எழுத மாட்டேன் என்கிறது. அடுப்பில் காட்டிக் காட்டி எழுதுகிறேன்.

ஜனவரி 17, சனி

தக்காளி இருபது தட்டு, குடைமிளகாய் பத்து. இவை இரண்டும் சூடு இல்லாமல் முளைக்காத ஜாதி. வெளியே போட்டால் உறைபனி ஒரே இரவில் கருக்கிவிடும். அதனால் பின்பக்க அறையில் மூங்கில் தட்டி அடுக்கி, தென்னைநார்த் தூள் நிரப்பிய தட்டுகளை மூன்று வரிசையாக வைத்திருக்கிறேன்.

அது என் நாற்று அறை. டிசம்பரிலிருந்து பிலோமினாவின் அறையும் அதுதான். இவருடைய தங்கை. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தது. புருஷன் வின்சென்ட் கை நீட்டுகிறான் என்று ஒரு பையோடு வந்து நின்றாள். வேறு அறை இல்லை. நான்காவது வரிசை போட வேண்டிய இடத்தில் அவள் கட்டில் கிடக்கிறது.

இன்று தட்டுக்கு விதை போட உதவினாள். குழிக்கு ஒன்று என்று சொன்னால் இரண்டிரண்டாகப் போடுகிறாள்.

"ஒண்ணு தனியாக் கெடந்தா பயந்துக்கிரும் மதினி. தொணைக்கு ஒண்ணு இருக்கட்டும்."

"மொளச்சதும் ஒண்ணப் பிடுங்கி எறியணும். யார் பிடுங்குறது?"

"நீங்கதான். ஒங்களுக்குத்தான் கல்மனசு."

வாய் ஓயாது அவளுக்கு. நானும் சிரித்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

விடியற்காலையில் பிலோவும் நானும் டிசம்பரில் போட்ட பட்டாணிக்குத் தண்ணீர் தெளித்தோம். வெயில் ஏறும் முன்பு இலைமேல் உறைந்த பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் பட்டதும் வெந்தது மாதிரி துவண்டுவிடும். கை விறைத்துப் பூவாளியைப் பிடிக்க முடியவில்லை. அவள் என் கைகளை இழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். எலும்பு தட்டுகிறது. வின்சென்ட் வீட்டில் சோறு போட்டானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

முட்டைக்கோஸ் முளைத்துவிட்டது. தக்காளி இன்னும் இல்லை. விதையைத் தோண்டிப் பார்த்தேன், உப்பியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் சூடு கிடைத்தால் வந்துவிடும்.

நான் சூடு கொடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், ஆபீசர் கேட்டால் காட்டலாம். ஆறு மணிக்கு இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு அறையின் நடுவில் வைப்பேன். ஜன்னல் இடுக்கில் சாக்கு. கதவுக்குக் கீழே சாக்கு. எட்டு மணிக்குச் சட்டியை வெளியே எடுத்து வாசலில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். ஆள் படுக்கிற அறையில் தணலை விட்டு வைக்கக்கூடாது. இது தெரியாத மலைக்காரர் யாரும் இல்லை. அதன் பிறகு பிலோ உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சாக்கை உள்பக்கமாகச் செருகிக்கொண்டு படுப்பாள்.

"கருவாட்டுப் பானைக்கு மூடி போடுற மாதிரி இருக்கு மதினி," என்று தினமும் ஒரு முறை சொல்லிவிடுவாள்.

நாளை வின்சென்ட்டின் அண்ணன்மார் பேச வருகிறார்களாம். போய்விடுவாள் என்று நினைக்கிறேன். போனால் நான்காவது வரிசை போடலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்றைய தாள் மை கொட்டிப் பாழாகிவிட்டது. கிழித்துவிட்டேன்.

பிலோ இறந்துவிட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்ப எழுப்பப் போனேன். கதவு திறக்கக் கனமாக இருந்தது, சாக்கு தடுத்தது. உள்ளே அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வை கலையவில்லை. முகம் சிவந்து, ஊரிலேயே நல்ல நிறமாக இருந்தாள். இவரைக் கூப்பிட்டேன். இவர் வந்து அவளை உலுக்கினார், உலுக்கிக்கொண்டே இருந்தார்.

கரிப்புகை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சட்டியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

"சட்டிய யார் உள்ள வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "அவதான் சார் வச்சிருப்பா. எம் மேல கோவம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நடந்ததை இவரே சொன்னார். வின்சென்ட்டின் அண்ணன்மார் வந்து பேசியதும், பிலோ போக மாட்டேன் என்றதும், இவருக்குக் கோபம் வந்ததும். ஊர் முன்னால் கத்தினார் என்பது உண்மை. "நாளைக்குக் கெளம்பலேன்னா ஒனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லேன்னு நெனச்சுக்க." அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இன்ஸ்பெக்டர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். இவர் அதை நம்பவில்லை.

ஜனவரி 29, வியாழன்

தக்காளி முளைத்துவிட்டது. தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு குழி. ஒரு குழி பொய்க்கவில்லை. பல குழிகளில் இரண்டிரண்டாக வந்திருக்கிறது. இப்படி ஒரு முளைப்பை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவதைப் பிடுங்க வேண்டும். நாளை பார்க்கலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

மூன்று வரிசையில் தட்டுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெளிச்சம் போதாமல் நாற்று நெடுநெடுவென்று மெலிந்து வளர்கிறது. கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று எட்டுத் தட்டை அதன்மேல் பரப்பினேன்.

இவர் வயலிலிருந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை, அவ்வளவு பதமாக வைத்தார். பிறகு கட்டிலில் ஈரம் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அடுத்த வீட்டு ஞானம்மா முட்டைக்கோஸ் நாற்றுக் கேட்டு வந்தாள். நாற்று வெறும் சாக்குப்போக்கு.

"சாக்கு உள்பக்கமாச் செருகியிருந்துச்சாம்ல? வெளிய இருந்து யாரும் செருகியிருக்க முடியாதுல்ல. போகணும்னு முடிவு பண்ணுனவதான் அப்படிச் செருகுவா. பாவம், இன்னாசி அன்னைக்கி அப்படிப் பேசியிருக்க வேணாம்."

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

குடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 7, சனி

கடும்பனி. பட்டாணிக்குத் தனியாகத் தண்ணீர் தெளித்தேன்.

பிப்ரவரி 11, புதன்

கேரட்டில் களை மண்டிக் கிடக்கிறது. இவர் வயலுக்குப் போகிறார், வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பதினேழு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. நேற்று வின்சென்ட் போன் செய்து அழுதானாம், குடித்துவிட்டு. "நீ அடிச்ச. நான் தொரத்துனேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான்டா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசைக்கு இவர் வரவில்லை. திரும்பி வந்தபோது வாசலில் நின்று கேட்டார்.

"ஏ சலேத்து. அன்னைக்கிச் சாயங்காலம் அவ ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"அழுதாளா?"

"முகம் வீங்கியிருந்துச்சு."

"எம் பேர எடுத்தாளா?"

"இல்லங்க."

அவர் தலையை ஆட்டினார். தன் பெயர்கூட அவள் வாயில் வரவில்லை என்றார். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். குடைமிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். சாமியார் விரல் சூடாக இருந்தது மாதிரித் தோன்றியது. சாம்பலுக்கு ஏது சூடு.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். கோபப்பட்டது சொன்னேன். ஞானம்மாவைப் பற்றிப் புறம் பேசியது சொன்னேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு பூசை காணாததைச் சொன்னேன்.

"வேற எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். சாம்பல் போய்விட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

முட்டைக்கோஸ் நாற்றை வெளியே கொண்டுபோய் நட்டோம். நட்டேன் என்று எழுதுவதுதான் சரி. இவர் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பதோடு சரி. வேர் வெள்ளை வெளேரென்று கட்டியாகப் பிடித்திருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சலேத்மேரி நாற்று மாதிரி மலையில் வேறு யாரிடமும் கிடையாது என்றார்கள்.

சாயங்காலம் மண்வெட்டி எடுக்கப் பரணில் கை விட்டேன். பூச்சிமருந்து பாட்டில் ஒன்று, மூடி பிரிக்காதது, துண்டில் சுற்றி வைத்திருந்தது. போன வாரம் இவர் டவுனுக்குப் போனபோது வாங்கியிருக்க வேண்டும்.

மருந்தடிக்கிற பருவத்தில் இப்போது எங்கள் வயலில் ஒரு பயிரும் இல்லை.

பிப்ரவரி 21, சனி

பாட்டிலைக் கொண்டுபோய் ஊர் எல்லை தாண்டிக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். இவர் பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

எத்தனை பாட்டிலைப் புதைக்க முடியும்? கடையில் இன்னொன்று இருக்கிறது. எனக்கு பயமாக இருக்கிறது. இந்த டைரியில் நாற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பால்பாயிண்ட் பேனாவில் எந்த மை கொட்டும்?

பிப்ரவரி 22, ஞாயிறு

கிழித்த தாளை நான் எரிக்கவில்லை. முள்ளங்கி விதை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தேன். இன்று எடுத்துச் சோற்றுப் பசை தடவி இங்கே ஒட்டுகிறேன்.

*ஜனவரி 24, சனி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, இன்று பனி கடுமையாக இருக்கும். தக்காளி விதை வெடிக்கும் பதத்தில் நிற்கிறது. இன்று சூடு குறைந்தால் இருபது தட்டும் போய்விடும். சட்டியில் இன்னும் இரண்டு கை கரி போட்டு, கீழ்த்தட்டிக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு பிலோ படுக்க வந்தாள். மத்தியானம் அண்ணன் கத்தியதில் முகம் வீங்கியிருந்தது. "அண்ணன் கோவம் ரெண்டு நாளைக்குத்தான் மதினி. எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பூசைக்கு அவர்கூடத்தான் நடந்து போவேன், பேசாம எப்படி வர்றார்னு பாக்குறேன்," என்றாள். பிறகு, "சட்டிய எடுக்கலியா?" என்று கேட்டாள். "கொஞ்ச நேரத்துல வந்து எடுக்குறேன், நீ படு. சாக்க மட்டும் நல்லாச் செருகிரு, ஒரு வெரக்கடை இடம் இருந்தாலும் நாத்து வெறச்சுப் போகும்," என்றேன். "செருகுறேன் மதினி. ஒங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். எடுக்கப் போவதில்லை. ஒரு ராத்திரிதானே, சூடு இருக்கட்டும்.*

பூசை முடிந்து வந்ததும் டைரியை அவர் கையில் கொடுத்தேன். வாசல் கல்லில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். அவருக்கு வேகமாகப் படிக்க வராது. நான் எதிரில் நின்றேன். உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தார்.

"அப்ப, நான் சொன்னதுக்கு இல்ல?"

"இல்லங்க."

"எங்கூட நடந்து வருவேன்னா சொன்னா?"

"ஆமா."

"போன வாரம் நின்னு கேட்டேனேடி. இதே வாசல்ல நின்னு கேட்டேனே."

அவர் அழுதார். அடக்கத்தின்போதுகூட அழாதவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் போனேன். கையை நீட்டி, வராதே என்று காட்டினார்.

பிப்ரவரி 23, திங்கள்

பிலோவின் முப்பதாம் நாள் பூசை. முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றபோது இவர் நடுவில் போய் நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"எந் தங்கச்சி தானாச் சாகல. சட்டிய வச்சது எம் பொண்டாட்டி. எடுக்குறேன்னு சொல்லிட்டு எடுக்கல. எந் தங்கச்சி நம்பிப் படுத்தா. இனிமே யாரும் அவளத் தப்பாப் பேசக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். ஞானம்மா என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்தேன். இவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒரு மாதத்தில் இன்றுதான் முழுத் தட்டும் காலியாயிற்று. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

நானாகவே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். "விபத்துன்னு முடிச்ச கேஸும்மா இது. தேவைப்பட்டா கூப்பிடுறோம், போங்க," என்றார். மேஜைமேல் இருந்த டைரியை என் பக்கம் தள்ளினார். பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இவர் கேரட் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 28, சனி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். இதோடு நிறுத்திவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் வானம் மறுபடியும் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. இந்த வருஷத்துக் கடைசிப் பனி. தக்காளி நாற்று நான்கு இலை விட்டு நிற்கிறது, இன்னும் பத்து நாளில் வெளியே போக வேண்டியது. குழிக்கு இரண்டாக இருந்ததை நான் இன்னும் பிடுங்கவில்லை. இரண்டும் பின்னிக்கொண்டு வளர்ந்திருந்தன.

சாக்கை எடுத்து அடுப்பில் போட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். கதவையும் அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த அறையை மூட என் கை வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் இருந்த தட்டுகள் எல்லாம் கறுத்துத் தொங்கிக் கிடந்தன. நடுவில் இருந்த மூன்று தட்டு பாதி உயிரோடு இருந்தது, அதுவும் பிழைக்காது. தட்டுகளைக் கட்டிலில் படாமல் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இவர் வந்து நிலையில் நின்றார். தட்டுகளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். குனிந்து கதவுக்கு வைத்த கல்லைத் தொட்டுப் பார்த்தார். ஆறு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல, சலேத்து."

செய்திருக்கலாம்.